நிறையாத பேட்டரி: ஒரு கேம்பர் வேனுக்கான டீப் சைக்கிள் பேட்டரித் தேர்வு குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வாகனம், இருவர் தங்கிப் பயணம் செய்யும் வகையில் கட்டில், சமையல் மேடை, கம்ப்ரசர் வகைக் குளிர்பதனப் பெட்டி ஆகியவை பொருத்தப்பட்ட ஒரு கேம்பர் வேன். அதன் உரிமையாளர்கள் பயணத்தின்போதே மடிக்கணினியில் அலுவலக வேலையும் பார்ப்பவர்கள். வெளி மின் இணைப்பு கிடைக்காத இடங்களில் தொடர்ந்து இரண்டு இரவுகள் தங்குவது அவர்களது வழக்கம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி தனியாக இருக்க, தங்கும் பகுதிக்கென்று 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்ட இரண்டு ஈய-அமில பேட்டரிகள் பக்க இணைப்பில் கட்டிலுக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தன. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவை ஓர் இரவுகூடத் தாங்காத நிலைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு முன்பிருந்த ஜோடியும் ஏறக்குறைய அதே வயதில்தான் செயலிழந்திருந்தது.

உரிமையாளர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: எத்தனை ஆம்பியர்-மணிக்குப் பேட்டரி வாங்கிப் போட்டால் இந்தத் தொல்லை தீரும்? ஒரே வாகனத்தில் ஒரே வகைப் பேட்டரிகள் இரண்டு முறை ஒரே வயதில் போயிருக்கின்றன என்றால், கோளாறு பேட்டரியில் இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. காரணம் தெரியாமல் இரட்டிப்புக் கொள்ளளவில் ஒரு தொகுதியைப் போட்டால், அதுவும் அதே வழியில், இரட்டிப்புச் செலவில் போகும். ஆகவே எந்தப் பேட்டரி என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, நாள் ஒன்றுக்கு எவ்வளவு மின்சாரம் வெளியே போகிறது, போனது எந்த வழியில் திரும்பி வருகிறது, முழுதாகத் திரும்பி வருகிறதா என்ற மூன்று கேள்விகளில் இருந்து ஆய்வு தொடங்கியது.

பழைய பேட்டரிகளும் அவற்றின் நிலையும்

பழைய பேட்டரிகளின் மேல் ‘டீப் சைக்கிள்’ என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, குளிரில் எஞ்சினை முடுக்கும் மின்னோட்டம் எத்தனை ஆம்பியர் என்ற எண்ணும் இருந்தது. இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்ததுமே ஐயம் எழ வேண்டும். எஞ்சினை முடுக்கும் பேட்டரியில் சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்வதற்காக மெல்லிய தகடுகள் நிறைய அடுக்கப்பட்டிருக்கும். மணிக்கணக்கில் சிறிது சிறிதாக வெளியேற்றி, மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டிய டீப் சைக்கிள் பேட்டரிக்கோ தடித்த தகடுகளும் அடர்த்தியான செயற்பொருளும் வேண்டும். இரண்டு எண்களையும் முன்னிறுத்தி விற்கப்படும் பேட்டரி பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே நிற்கும் சமரச வகை. அசல் டீப் சைக்கிள் பேட்டரியின் தரவுத்தாளில் 20 மணி நேர விகிதத்திலான கொள்ளளவும், எவ்வளவு ஆழத்துக்கு வெளியேற்றினால் எத்தனை சுழற்சி தாங்கும் என்ற வரைபடமும் கட்டாயம் இருக்கும். அந்த வரைபடம் இல்லாத பேட்டரியை, பெயர் எதுவாக இருந்தாலும், நான் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.

இருந்தாலும், தகட்டின் தடிமன் மட்டுமே இவற்றைக் கொன்றுவிடவில்லை. இரவு முழுவதும் வெளி மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றி, பிறகு எல்லா இணைப்புகளையும் கழற்றிப் பல மணி நேரம் ஓய்வாக விட்டு அளந்தபோது மின்னழுத்தம் 12.4 வோல்ட்தான் காட்டியது. நல்ல நிலையில் உள்ள ஈய-அமில பேட்டரி முழுதாக நிறைந்து ஓய்வில் இருந்தால் 12.6 முதல் 12.7 வோல்ட் வரை காட்ட வேண்டும், 12.4 என்பது ஏறக்குறைய முக்கால் பங்கு. மூடிகளைத் திறந்து ஹைட்ரோமீட்டரில் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தபோதும் மிதவை அதே கதையைத்தான் சொன்னது: அமிலத்தின் ஒப்படர்த்தி பெரும்பாலான செல்களில் 1.225, ஒரு பேட்டரியின் ஓரச் செல்லில் மட்டும் 1.170. நிறைந்த செல்லில் இது 1.265-க்கு மேல் நிற்க வேண்டும். அந்த ஓரச் செல்லில் அமிலத்தின் மட்டம் தகடுகளின் மேல்விளிம்புக்குக் கீழே இறங்கி, வெளியே தெரிந்த விளிம்பு வெளிறிப்போயிருந்தது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவதற்குக் கட்டிலைத் தூக்கி, நான்கு திருகுகளைக் கழற்ற வேண்டிய அமைப்பில், அந்தப் பணி தள்ளிப்போனதில் வியப்பில்லை.

ஆக, ‘முழு சார்ஜ்’ என்று உரிமையாளர்கள் நம்பிப் புறப்பட்ட ஒவ்வொரு முறையும் அவர்கள் கையில் இருந்தது முக்கால் பேட்டரி. வெளியேறும்போது தகடுகளில் உருவாகும் ஈய சல்பேட், முழு சார்ஜ் ஏறும்போதுதான் முற்றிலும் கரைந்து திரும்பும். அந்தக் கடைசிக் கால் பங்கு ஏறாமலே நாட்கள் கடந்தால், தங்கிப்போன சல்பேட் பெரிய படிகங்களாக இறுகி, பிறகு சாதாரண சார்ஜுக்கு அசைந்து கொடுக்காது.

மின்சாரம் வந்த வழிகள்

வேனில் சார்ஜ் ஏறுவதற்கு மூன்று வழிகள் இருந்தன, மூன்றும் குறையுள்ளவை.

வெளி மின்சாரத்தில் இயங்கிய கன்வெர்ட்டர், எந்நேரமும் மாறாத 13.6 வோல்ட் மட்டுமே கொடுத்தது. நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்க இது போதும். வெறுமையான பேட்டரியை நியாயமான நேரத்தில் நிறைக்கப் போதாது. அமிலம் திரவமாக உள்ள பேட்டரிக்கு 14.4 முதல் 14.8 வோல்ட் வரை உயர்த்தி, மின்னோட்டம் தானாகக் குறைந்து அடங்கும் வரை மணிக்கணக்கில் அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். முதல் 80 சதவீதம் விரைவாக ஏறிவிடும், கடைசி 20 சதவீதம் அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் என்பது ஈய-அமிலத்தின் இயல்பு. எவ்வளவு பெரிய சார்ஜர் வைத்தாலும் அந்தக் கடைசிப் பகுதியை அவசரப்படுத்த முடியாது.

இரண்டாவது வழி, எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரில் இருந்து ஒரு ரிலே மூலமாக வருவது. முன்புறத்தில் 14.2 வோல்ட் இருந்தது. பின்புறம் பேட்டரி முனையில் அளந்தபோது 13.2-க்குச் சற்றுக் குறைவு. இடையில் ஓடியது 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி; ஒரு வழித் தொலைவு 9 மீட்டர், போகவும் வரவும் 18 மீட்டர். அதன் மின்தடை ஏறக்குறைய 0.05 ஓம். 20 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். ஒரு வோல்ட் என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம்; ஆனால் ஈய-அமில பேட்டரியில் நிறைவதற்கும் நிறையாமல் இருப்பதற்கும் உள்ள இடைவெளியே அந்த ஒரு வோல்ட்தான்.

மூன்றாவதாகக் கூரையில் 100 வாட் சூரியத் தகடு ஒன்று இருந்தது. அது குளிர்பதனப் பெட்டியின் பகல் தேவைக்கே சரியாக இருந்ததால், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு நாளின் செலவு

செலவுக் கணக்கை ஆம்பியரில் போடாமல் வாட்-மணியில் போட்டோம். 12 வோல்ட் சாதனங்களும் இன்வெர்ட்டர் வழியாக ஓடும் சாதனங்களும் கலந்திருக்கும் இடத்தில் ஆம்பியர் கணக்கு குழப்பத்தைத்தான் தரும். குளிர்பதனப் பெட்டி ஓடும்போது 45 வாட் எடுத்தது, நாளின் 40 சதவீத நேரம் ஓடியது. ஆகவே 432 வாட்-மணி. கூரை விசிறிக்கு 168, விளக்குகளுக்கு 75, தண்ணீர் பம்புக்கு 15, எரிவாயுக் கசிவு உணர்வி போன்ற எப்போதும் விழித்திருக்கும் சிறு சாதனங்களுக்கு 120. மடிக்கணினிகள் இரண்டும் சேர்ந்து 500 வாட்-மணி பயன்படுத்தின. 85 சதவீதத் திறனுள்ள இன்வெர்ட்டரின் வழியாக வந்ததால் பேட்டரியில் இருந்து போனது 588. மின் கெட்டில் நாளைக்குப் பத்து நிமிடம் ஓடியதில் 196.

இத்தனைக்கும் மேல், யாரும் எதிர்பாராத ஒரு செலவு இருந்தது. இன்வெர்ட்டரை யாரும் அணைப்பதே இல்லை. சுமை எதுவும் இல்லாதபோதும் அது 15 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. மடிக்கணினி வேலை நடக்காத 19 மணி நேரத்தில் அது மட்டும் 285 வாட்-மணி. விளக்குகள் அனைத்தும் எடுத்துக்கொண்டதைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான மின்சாரம், எதற்கும் பயன்படாமல், கட்டிலுக்கடியில் வெப்பமாகப் போயிருக்கிறது.

மொத்தம் 1,879 வாட்-மணி, 12 வோல்ட்டில் ஏறக்குறைய 157 ஆம்பியர்-மணி. பெட்டியின் மேல் எழுதியிருந்த கொள்ளளவு 200. நீண்ட ஆயுள் வேண்டுமானால் ஈய-அமிலத்தில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற நடைமுறை வரம்பின்படி பார்த்தால் 100. முக்கால் பங்கு மட்டுமே நிறைந்த நிலையில் புறப்பட்டதால் அந்த வரம்புக்குள் உண்மையில் கிடைத்தது 50. பேட்டரிகள் முதல் நாளிலேயே அடிமட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன.

கெட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஈய-அமில பேட்டரியில் மின்னோட்டம் கூடக்கூடக் கிடைக்கும் கொள்ளளவு குறையும் என்பதை 1897-இல் பியூகெர்ட் என்ற ஜெர்மானியர் ஒரு விதியாக எழுதி வைத்தார். 100 ஆம்பியர்-மணி என்பது 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால் கிடைப்பது. அதே பேட்டரியில் இருந்து, கெட்டிலின் சுமையில் அதன் பங்கான 49 ஆம்பியரைத் தொடர்ந்து எடுத்தால், இந்த வகைக்கு வழக்கமான 1.25 என்ற அடுக்கை வைத்துக் கணக்கிடும்போது, 60-க்கும் குறைவாகவே கிடைக்கும். பேட்டரி பற்றிய விவாதங்களில் இந்த விதியைத் தேவைக்கு அதிகமாகவே இழுக்கிறார்கள் என்பது என் கருத்து. பத்து நிமிடச் சுமைக்குப் பிறகு பேட்டரி ஓய்வெடுத்தால் இழந்ததாகத் தோன்றிய கொள்ளளவில் பெரும்பகுதி திரும்பிவிடும். இங்கே நடந்த தொல்லை வேறு: கெட்டில் கேட்ட 100 ஆம்பியரில் சல்பேட் ஏறிய பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று சரிந்து, இன்வெர்ட்டர் தன் குறைந்தபட்ச வரம்பைக் கண்டு நின்றுவிட்டது. உரிமையாளர்கள் அதைப் பேட்டரி தீர்ந்துவிட்டதாக எண்ணினார்கள்.

எந்தப் பேட்டரியையும் வாங்குவதற்கு முன்பே செலவு குறைக்கப்பட்டது. மடிக்கணினிகளுக்கு 12 வோல்ட்டில் நேரடியாக இயங்கும் அடாப்டர்கள் வாங்கப்பட்டன, தண்ணீர் கொதிக்க வைப்பது எரிவாயு அடுப்புக்கு மாறியது, இன்வெர்ட்டரின் அணைப்பு விசை கைக்கெட்டும் இடத்துக்கு வந்தது. புதிய மொத்தம் நாளைக்கு 1,355 வாட்-மணி. இரண்டு நாளைக்கு 2,710.

பரிசீலித்த வகைகள்

முதலில் எடுத்துக்கொண்டது கோல்ஃப் வண்டிகளில் பயன்படும் 6 வோல்ட் பேட்டரி. ஏறக்குறைய 220 ஆம்பியர்-மணி கொண்ட இந்தப் பேட்டரிகளில் இரண்டைத் தொடர் இணைப்பில் சேர்த்தால் 12 வோல்ட் கிடைக்கும். அப்படி இரண்டு ஜோடி வைத்தால் 440 ஆம்பியர்-மணி, அதில் பாதியான 220 நம் இரண்டு நாள் தேவைக்கு ஏறக்குறையப் போதும். தடித்த தகடுகள், கரடுமுரடான பயன்பாட்டைத் தாங்கும் உடல், ஒரு வாட்-மணிக்கு ஆகும் முதல் செலவு மிகக் குறைவு. முன்புறக் கொக்கிக்கு மேல் காற்றோட்டமான பெட்டியுள்ள, வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லப்படும் வாகனமாக இருந்து, ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல சார்ஜரில் ஓரிரு நாட்கள் நிற்கக்கூடியதாகவும் இருந்தால், தயங்காமல் இதைத்தான் பரிந்துரைத்திருப்பேன். இந்த வேனுக்கு இது பொருந்தவில்லை. ஒவ்வொன்றும் 28 கிலோ அளவில் இருப்பதால் மொத்த எடை 110 கிலோவைத் தாண்டும். அதைவிட முக்கியமான தடை, பேட்டரிகள் இருக்கப்போவது படுத்துறங்கும் கட்டிலுக்கு அடியில். முழு சார்ஜை நெருங்கும்போது இவை ஹைட்ரஜனை வெளியிடும்; காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினாலே தீப்பற்றும் நிலை. மூடிய பெட்டியும் வெளியே செல்லும் காற்றுக் குழாயும் இல்லாமல் அவற்றை உள்ளே வைக்க முடியாது. பழைய பேட்டரிகள் அப்படித்தான் வைக்கப்பட்டிருந்தன என்பது தனியாகக் கண்டிக்க வேண்டிய விஷயம்.

வீட்டு இன்வெர்ட்டர்களில் பழக்கமான டியூபுலர் பேட்டரியைப் பற்றியும் கேட்டார்கள். ஆழமாக வெளியேற்றுவதை அது நன்றாகத் தாங்கும். ஆனால் உயரமும் எடையும் அதிகம், அமிலம் திரவமாக இருக்கிறது, ஓடும் வண்டியின் குலுக்கலுக்காக அது வடிவமைக்கப்படவில்லை. ஜெல் பேட்டரிக்கு 14.1 வோல்ட் அளவில் துல்லியமாக நிற்கும் மெதுவான சார்ஜ் தேவை. குறுகிய பயணங்களில் வேகமாக ஏற்ற வேண்டிய வாகனத்துக்கு அது சரிவராது.

ஏஜிஎம் வகை உண்மையான போட்டியாளராக இருந்தது. அமிலம் கண்ணாடி இழைப் பாய்களில் உறிஞ்சப்பட்டிருப்பதால் சிந்தாது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, இயல்பான சார்ஜில் வாயு வெளியேறுவது மிகக் குறைவு, அதிக மின்னோட்டத்தையும் ஏற்கும். 100 ஆம்பியர்-மணி கொண்ட நான்கு பேட்டரிகள் வைத்தால் பயன்படும் பாதி 2,400 வாட்-மணி. எடை ஏறக்குறைய 120 கிலோ. இருந்தும் அது நீக்கப்பட்டதற்குக் காரணம் எடை மட்டுமன்று. ஏஜிஎம்மும் ஈய-அமிலமே, அரைகுறையாக நிறைந்த நிலையில் நாட்கணக்கில் நின்றால் அதிலும் சல்பேட் இறுகும். இரண்டு நாள் தங்கல், இரண்டு மணி நேர ஓட்டம், மீண்டும் இரண்டு நாள் தங்கல் என்ற இவர்களது பயண முறையில் எந்த ஈய-அமில பேட்டரியும் வாரக்கணக்கில் முழு நிறைவைப் பார்க்காது. திரவ அமில வகையையாவது 15 வோல்ட்டுக்கு மேல் கட்டுப்பாட்டுடன் சார்ஜ் செய்து ஓரளவு மீட்கலாம். பெரும்பாலான ஏஜிஎம்களில் அதற்கும் இடமில்லை.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை தேர்வானது இந்த ஒரு காரணத்தின் வலுவில்தான். பாதி நிறைந்த நிலையில் நிற்பது அதற்குத் தீங்கில்லை. சொல்லப்போனால் எப்போதும் முழுதாக நிறைந்து நிற்பதைவிட அது நல்லது. கடைசிப் பகுதி வரை ஏறக்குறைய முழு மின்னோட்டத்தையும் வாங்கிக்கொள்வதால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் வருவது முழுவதும் உள்ளே போகும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரிகள் இரண்டில் 2,560 வாட்-மணி. 90 சதவீதம் வரை எடுத்தால் 2,300. எடை இரண்டும் சேர்ந்து 25 கிலோவை ஒட்டி. சுழற்சி ஆயுளை உற்பத்தியாளர்கள் ஆயிரக்கணக்கில் குறிப்பிடுகிறார்கள்.

2,300 என்பது இரண்டு நாள் தேவையான 2,710-ஐவிடக் குறைவு. மூன்றாவது பேட்டரி சேர்க்கலாமா என்ற யோசனை வந்தபோது, அதற்கு ஆகும் செலவில் கூரையின் சூரியத் தகடுகளை 300 வாட்டாக உயர்த்துவது மேல் என்று முடிவெடுத்தோம். மேகமூட்டமான நாளில் ஒன்றரை மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி கிடைத்து, இழப்புகள் போக 75 சதவீதம் உள்ளே வந்தாலும், நாளைக்கு ஏறக்குறைய 340 வாட்-மணி. இரண்டு நாளில் 680. மீதித் தேவையான 2,030 பேட்டரிக்குள் அடங்குகிறது. வெயிலுள்ள நாளில் தகடுகள் ஆயிரம் வாட்-மணி அளவுக்குத் திருப்பித் தரும்.

பொருத்தும்போது கவனித்தவை

லித்தியம் பேட்டரியைப் பழைய பேட்டரியின் இடத்தில் அப்படியே வைத்துவிடலாம் என்று விற்பனையாளர்கள் சொல்வது பாதி உண்மை. இடத்தில் பொருந்தும்; சுற்றியுள்ள அமைப்பில் பொருந்தாது. இதன் உள்மின்தடை மிகக் குறைவு என்பதால் ஆல்டர்னேட்டரோடு நேரடியாக இணைத்தால், கம்பி தடிமனாக இருக்கும் பட்சத்தில், ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனில் நீண்ட நேரம் ஓடிச் சூடேறும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகச் சுழல்வதால் ஆபத்து கூடுதல். ஆகவே ரிலே அகற்றப்பட்டு, ஆல்டர்னேட்டரில் இருந்து வரும் மின்னோட்டத்தை வரம்புக்குள் வைக்கும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைக்கப்பட்டது. அதற்கு வரும் கம்பி 25 சதுர மில்லிமீட்டராக மாற்றப்பட்டது. இரண்டு மணி நேர ஓட்டத்தில் 800 வாட்-மணி வரை இதன் மூலம் ஏறும். கன்வெர்ட்டருக்குப் பதிலாக 14.4 வோல்ட் வரை ஏற்றும் லித்தியம் அமைப்புள்ள சார்ஜர் வந்தது. இவற்றின் விலையையும் சேர்த்துத்தான் லித்தியத்தின் செலவைக் கணக்கிட வேண்டும். பேட்டரியின் விலையை மட்டும் ஒப்பிடுவது தவறான படத்தைத் தரும்.

குளிர்தான் இந்த வகையின் பெரிய பலவீனம். செல்லின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால், எதிர்மின்வாயில் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாகும். வெளியேற்றுவதற்கு இந்தத் தடை இல்லை. ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் உள்ள பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணு அமைப்பு) குளிரில் சார்ஜைத் தானே துண்டிக்கிறதா என்பதைத் தரவுத்தாளில் தேடிப் பார்க்க வேண்டும். மலிவான சிலவற்றில் இந்த வசதி இருப்பதில்லை. தேர்ந்தெடுத்த பேட்டரியில் இருந்தது. போதாததற்கு, பேட்டரிகள் வாகனத்தின் உட்பகுதியிலேயே இருப்பதால், ஹீட்டரின் வெப்பமும் அவற்றுக்குக் கிடைக்கிறது. ஈய-அமிலத்துக்கு எதிராக வாதாடிய அதே கட்டிலடி, லித்தியத்துக்குச் சாதகமாக அமைந்தது.

குறுக்குச்சுற்று நேர்ந்தால் லித்தியம் தொகுதி தரும் மின்னோட்டம் மிக அதிகம் என்பதால், பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே கிளாஸ் டி (Class T) வகை ஃபியூஸ் பொருத்தப்பட்டது. இரண்டு பேட்டரிகளும் சமமாக உழைக்க, நேர்முனைக் கம்பி ஒரு பேட்டரியில் இருந்தும் எதிர்முனைக் கம்பி மற்றதில் இருந்தும் குறுக்காக எடுக்கப்பட்டது. இணைப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியே முழுதாக நிறைத்துக்கொண்டோம்.

மின்னழுத்தத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டியிருந்தது. இந்த வகையில் வெளியேற்றத்தின் பெரும்பகுதி முழுவதும் மின்னழுத்தம் 13 வோல்ட்டை ஒட்டியே நின்று, கடைசியில்தான் திடீரென்று சரியும். எதிர்முனையில், மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடையான ஷண்ட் பொருத்தி, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் கருவி வைக்கப்பட்டது. மேகமூட்டமான முதல் தங்கலில், இரண்டாம் இரவு கழிந்த காலையில் அது 22 சதவீதம் காட்டியது. கணக்கில் எதிர்பார்த்தது 21.

மீதமிருந்தது வாகனத்தை நிறுத்தி வைக்கும் காலம். எப்போதும் விழித்திருக்கும் சிறு சாதனங்கள் நாளைக்கு 120 வாட்-மணி எடுப்பதால், பாதி நிறைந்த நிலையில் விடப்படும் தொகுதி பதினோரு நாளில் காலியாகி, பிஎம்எஸ் துண்டித்துக்கொள்ளும் நிலைக்குப் போய்விடும். ஆகவே ஃபியூஸை அடுத்து, எல்லாச் சுமைகளுக்கும் முன்பாக, ஒரு முதன்மைத் துண்டிப்பு விசை வைக்கப்பட்டது. சூரியத் தகட்டின் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தனி விசை உண்டு. பேட்டரியைத் துண்டிப்பதற்கு முன் தகட்டைத் துண்டிக்க வேண்டும் என்ற வரிசை, விசைகளின் மேல் 1, 2 என்று எழுதி ஒட்டப்பட்டுள்ளது.